உருகிய இரும்பிலிருந்து அழுக்கு நீங்கும் விதம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள எங்கள் நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலையோரத்தில் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. குலை வெட்டுபவர்கள் தங்கள் அறுவாளைக் கொண்டுவந்து தீட்டிக்கொள்ளும் இடம் அது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த அறுவாளைச் சாணைச் சக்கரத்தில் வைத்ததும் தெறிக்கும் பொறிகளைச் சற்று நின்று கவனித்தால், அவை கொஞ்ச தூரம் ஓடியபின் மத்தாப்பூப்போல் வெடித்துக் கிளை கிளையாகப் பிரிவது தெரியும். அதே சக்கரத்தில் கேட் செய்யும் சாதாரண இரும்புக் கம்பியை வைத்தால், பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி, அதிகம் வெடிக்காமலே அணைந்துவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கார்பன். ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 விழுக்காடு கார்பன் இருக்கிறது. கேட் கம்பியில் 0.2 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. உராய்வில் பிய்ந்து பறக்கும் இரும்புத் துகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் சூடேறி உருகுகிறது. அப்போது அதற்குள் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாகிறது. வாயுவுக்கு இடம் போதாமல் துளி வெடிக்கிறது. நூறு, இருநூறு டன் உருகிய இரும்பை வைத்துக்கொண்டு உருக்காலையில் செய்யும் சுத்திகரிப்பின் நடுக்கட்டம், இந்தப் பொறிக்குள் ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது.

மாலையில் என்னிடம் வேதியியல் படிக்க வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன், “இரும்பை நன்றாகக் காய்ச்சினால் அழுக்கெல்லாம் தானாக எரிந்து போய்விடும்தானே, சார்?” என்று கேட்டான். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், பெரும்பாலான அழுக்குகளை வெப்பம் மட்டும் வெளியேற்றுவதில்லை. அவை ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற துணையும், போய்த் தங்க ஓர் இடமும், அந்த இடத்தை அடைய ஒரு வழியும் கிடைத்தால்தான் இரும்பை விட்டு நகரும். அதிலும் ஓர் அழுக்குக்கு அனுகூலமான நிலை மற்றோர் அழுக்குக்குப் பாதகமாக அமைவதால், எல்லாவற்றையும் ஒரே கலத்தில், ஒரே நேரத்தில் நீக்கிவிட முடிவதில்லை. எஃகு தயாரிப்பு பல கட்டங்களாகப் பிரிந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையிலிருந்து வடியும் இரும்பில் ஏறத்தாழ 4 முதல் 4.5 விழுக்காடு கார்பன் கரைந்திருக்கும். அத்துடன் சிலிக்கன், மாங்கனீஸ், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவையும் சிறு அளவுகளில் கலந்திருக்கும். இவை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தூசி போன்றவை அல்ல. தாதுவிலும் எரிபொருளிலும் இருந்தவை. உலையின் கடும் வெப்பத்தில் இரும்போடு சேர்ந்தே பிரிந்து, சர்க்கரை நீரில் கரைவதுபோல் அதில் கரைந்தவை. ஆகவே இவற்றை வடிகட்டி எடுக்க வழியில்லை. கரைந்திருப்பதை வேறொரு பொருளாக மாற்றினால்தான் பிரிக்கலாம்.

மாற்றும் வேலையை முதலில் செய்வது ஆக்சிஜன். தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்தோமே, அதுதான். நீண்ட குழாய் ஒன்றை மேலிருந்து இறக்கி, ஒலியைவிட வேகமாகப் பாயும் தூய ஆக்சிஜனை உருகிய இரும்பின்மீது ஊதுவார்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952-ஆம் ஆண்டு தொழில்முறையில் தொடங்கிய இந்த முறையில், ஊதுதல் சுமார் 15 முதல் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கலத்தில் இருப்பதில் பெரும்பங்கு இரும்பு. ஆக்சிஜன் இரும்பையே எரித்துத் தீர்க்காமல், நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிலிக்கனைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஆக்சிஜன் சிலிக்கனைத் தேடிப் போவதில்லை. முதலில் மோதும் இரும்பைத்தான் அது பற்றுகிறது. இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. ஆனால் அந்தப் பிணைப்பு அவ்வளவு வலுவானதன்று. பக்கத்தில் சிலிக்கன் அணு வந்தவுடன், ஆக்சிஜன் இரும்பை விட்டு அதனிடம் போய்விடும். இரும்பு மீண்டும் இரும்பாகவே குழம்புக்குத் திரும்பும். இவ்வாறு இரும்பு ஆக்சைடு, ஆக்சிஜனைக் கைமாற்றிவிடும் தரகராகவே பெரிதும் வேலை செய்கிறது. எந்தத் தனிமம் ஆக்சிஜனை எவ்வளவு வலுவாகப் பிடிக்கும், வெப்பம் கூடினால் அந்தப் பிடி எப்படி மாறும் என்பதை ஹெரால்டு எல்லிங்ஹாம் 1944-இல் ஒரே வரைபடமாகத் தொகுத்துக் காட்டினார். அதன்படி அலுமினியத்தின் பிடி மிக வலுவானது, அடுத்துச் சிலிக்கன், அதன்பின் மாங்கனீஸ், இரும்பு அவற்றுக்குக் கீழே நிற்கிறது. கார்பன் மட்டும் இந்த வரிசையில் ஓரிடத்தில் நிற்காமல், வெப்பம் ஏற ஏற மேலே வருகிறது. மற்ற தனிமங்கள் எரியும்போது வாயுவாக இருந்த ஆக்சிஜன் திண்மத்திலோ திரவத்திலோ அடங்கிவிடுகிறது. கார்பன் எரியும்போது மட்டும், உள்ளே போன ஆக்சிஜனைவிட அதிகப் பருமனுள்ள வாயு வெளியே வருகிறது. வாயு பெருகும் வினைக்கு வெப்பம் எப்போதும் துணைநிற்கும்.

இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தால், ஊதுலை இரும்பு எஃகாகும் வரிசை எளிதில் விளங்கும். தொடக்கத்தில் குழம்பு ஒப்பளவில் குளிர்ந்திருக்கிறது. சுமார் 1,300 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தில் சிலிக்கனின் பிடியே ஓங்கியிருப்பதால், முதல் சில நிமிடங்களில் அதுவே பெரும்பாலும் எரிந்து சிலிக்காவாகிறது. மாங்கனீசின் ஒரு பகுதியும் கூடவே போகிறது. சிலிக்கன் எரிவதால் பெரும் வெப்பம் வெளிப்பட்டுக் குழம்பு சூடேறுகிறது. சூடேறியதும் கார்பனின் முறை வருகிறது.

எரிந்து உண்டான சிலிக்கா எங்கே போகும்? இங்கேதான் சுண்ணாம்பு வருகிறது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்காத பேராக் மாநிலத்தார் இருக்க முடியாது. அத்தகைய கல்லைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பைக் கலத்துக்குள் கொட்டுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பது, அது வலுவான காரப்பொருள் என்பதால்தான். சிலிக்காவோ, அந்த வெப்பத்தில் அமிலத்தன்மை காட்டும் பொருள். காரமும் அமிலமும் சேர்ந்து, இரும்பைவிடப் பாதிக்கும் குறைவான அடர்த்தியுள்ள கண்ணாடிபோன்ற குழம்பாகி மேலே மிதக்கின்றன. இதுவே கசடு. கசடு என்ற சொல் வேண்டாததைக் குறித்தாலும், எஃகுத் தொழிலில் கசட்டைச் சரியாக அமைப்பதே பாதி வேலை என்று சொல்லலாம். அழுக்குகள் குடியேறும் வீடு அது; அந்த வீடு பொருத்தமாக அமையாவிட்டால் எரிந்த அழுக்கும் இரும்புக்கே திரும்பிவிடும்.

(சுட்ட சுண்ணாம்பைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: நம் ஊர்போல் ஈரக்காற்று வீசும் இடத்தில் அதைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரிலுள்ள ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைந்து, பிற்பாடு தடித்த துண்டுகளின் உள்ளே மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ஆகவே சுண்ணாம்பை உலர்வாகக் காப்பது எஃகின் தரத்தைக் காப்பதும் ஆகும்.)

கார்பன் வெளியேறும் கட்டம்தான் காட்சிக்கு மிகப் பெரியது. ஒரு டன் இரும்பில் 4 விழுக்காடு என்றால் 40 கிலோ கார்பன். அது முழுவதும் கார்பன் மோனாக்சைடாக மாறினால், உலையின் வெப்பத்தில் அந்த வாயுவின் பருமன் சுமார் 500 கன மீட்டர். அதை வெளியிட்ட ஒரு டன் உருகிய இரும்போ, ஒரு கன மீட்டரில் ஏழில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். இவ்வளவு வாயு சில நிமிடங்களில் வெளியேறும்போது குழம்பு கொதித்துப் பொங்குகிறது. இரும்புத் துளிகளும் கசடும் வாயுக் குமிழ்களும் ஒன்றோடொன்று கலந்து நுரைக்கின்றன. உலையின் வாயில் சுவாலை நீண்டு எரிகிறது. முற்காலத்தில் கருவிகள் இல்லாதபோது, தொழிலாளர்கள் அந்தச் சுவாலையைப் பார்த்தே, அது தாழ்ந்ததும் கார்பன் தீர்ந்தது என்று அறிந்துகொண்டார்கள்.

இந்தக் கொதிப்பின் பயனைத் தோட்டத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். ரப்பர்ப் பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் சேர்த்து உறையவைத்தவர்களுக்குத் தெரியும்: ஆசிட்டை ஊற்றிவிட்டுக் கலக்காமல் விட்டால், ஊற்றிய இடத்தில் கட்டிதட்டி, மற்ற இடம் பாலாகவே நிற்கும். ஆசிட் போதவில்லை என்று பொருளில்லை. அது பால் முழுவதையும் சென்றடையவில்லை, அவ்வளவுதான். கலக்கிவிட்டு, மேலே திரளும் நுரையை வழித்தெடுத்தால்தான் ஷீட் ஒரே சீராக வரும். உருகிய இரும்பிலும் இதே கதைதான். 1,600 பாகை வெப்பத்தில் அணுக்கள் சந்தித்துவிட்டால் வினை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். சந்திக்க வைப்பதுதான் கடினம். அழுக்கு அணு குழம்பின் ஆழத்திலிருந்து நகர்ந்து, இரும்பும் கசடும் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கு வந்து, அங்குள்ள மெல்லிய அசையாப் படலத்தைக் கடந்தாக வேண்டும். அந்தப் பயணமே வினையின் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. கார்பன் வாயுவாகிக் கொதிக்கும்போது, தன்னோடு மற்ற அழுக்குகளையும் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கொதிப்பு அடங்கியபின் நடக்கும் கட்டங்களில், கலத்தின் அடியிலிருந்து, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவைக் குமிழியாக விட்டுக் கலக்குகிறார்கள்.

கார்பன் குறைந்துகொண்டே வந்து ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் நிலைமை மாறுகிறது. உள்ளே வரும் ஆக்சிஜன் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கார்பன் அணுக்கள் விரைவாக வந்து சேர்வதில்லை. மிஞ்சும் ஆக்சிஜன் இரும்பையே எரித்து, இரும்பு ஆக்சைடாகக் கசட்டில் நிலைபெறத் தொடங்குகிறது. இந்த இடத்தில் நிறுத்தத் தவறினால் ஒவ்வொரு நிமிடமும் நல்ல இரும்பு வீணாகும்.

பாஸ்பரஸ்தான் எஃகு வரலாற்றிலேயே அதிகத் தொல்லை கொடுத்த அழுக்கு. அது மிகுந்த எஃகு, குளிர்ந்த நிலையில் அடிபட்டால் நொறுங்கும். ஹென்றி பெஸ்ஸமர் 1856-இல் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தபோது உலகமே வியந்தது; ஆனால் உரிமம் வாங்கிய ஆலைகள் செய்த எஃகு நொறுங்கியது. பெஸ்ஸமர் சோதனைக்கு எடுத்த இரும்பில் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. மற்றவர்களின் இரும்பில் அதிகம். காற்றை எவ்வளவு ஊதியும் அது போகவில்லை. காரணம், பாஸ்பரஸுக்கு ஆக்சிஜன்மீதுள்ள பிடி இரும்பின் பிடியைவிடப் பெரிதாக உயர்ந்ததன்று. எரிந்தாலும், தாங்கிப் பிடிக்க வலுவான காரம் இல்லாவிட்டால் உடனே இரும்புக்குத் திரும்பிவிடும். காரமாகச் சுண்ணாம்பைப் போடவும் முடியவில்லை. அக்காலக் கலங்களின் உட்சுவர் சிலிக்காவால் ஆனது என்பதால், சுண்ணாம்பு சுவரையே தின்றுவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். பகலில் லண்டன் காவல் நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டு, மாலை வகுப்புகளில் வேதியியல் படித்தவர் அவர். உருக்காலையில் வேதியியலாளராக இருந்த தம் உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டுடன் சேர்ந்து சோதித்து, டாலமைட் போன்ற காரக் கல்லால் உட்சுவர் கட்டினால் சுண்ணாம்பைத் தாராளமாகப் போடலாம் என்று 1879-இல் உலகறியக் காட்டினார். பாஸ்பரஸ் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகக் கசட்டில் தங்கிவிட்டது. அந்தக் கசட்டை அரைத்து வயலுக்கு உரமாகவும் போட்டார்கள். செம்பனை அடியில் பாஸ்பேட் உரம் தூவியவர்கள் கையில் பட்டதும் அதே வகை உப்புதான். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் படித்த ஒருவர், பெரிய பெரிய ஆலை முதலாளிகளைத் திணறவைத்த சிக்கலைத் தீர்த்தார் என்பதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆக, பாஸ்பரஸ் போக வேண்டுமானால் மூன்று நிலைகள் அமைய வேண்டும்: கசட்டில் சுண்ணாம்பு மிகுதி, இரும்பு ஆக்சைடு மிகுதி, வெப்பம் சற்றுக் குறைவு. கந்தகத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது.

கந்தகம் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் சல்பைடு, இரும்போடு கலந்த நிலையில் 988 பாகையிலேயே உருகும். எஃகைத் தகடாகவோ கம்பியாகவோ உருட்டுவது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில். அப்போது எஃகுப் பரல்களின் (எஃகு உருவாகியிருக்கும் நுண்ணிய படிகங்களின்) இடுக்குகளில் இந்தச் சல்பைடு திரவமாக நின்று, உருட்டும் அழுத்தத்தில் எஃகைப் பிளக்கிறது. மாங்கனீஸ் இருந்தால் அது கந்தகத்தைத் தன்பக்கம் இழுத்து, 1,600 பாகைக்கு மேல்தான் உருகும் சல்பைடாக்கி ஆபத்தைக் குறைக்கும். எஃகில் மாங்கனீசை முழுவதும் நீக்காமல் வேண்டுமென்றே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கந்தகத்தை வெளியேற்றுவதும் சுண்ணாம்புதான். ஆனால் இங்கே அது தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துக் கந்தகத்தை வாங்கிக்கொள்கிறது. பண்டமாற்றுப் போன்ற இந்த வினையில் ஒவ்வொரு கந்தக அணு வெளியேறும்போதும் ஓர் ஆக்சிஜன் அணு எஃகுக்குள் வருகிறது. எஃகில் ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்திருந்தால் மாற்று நடக்க இடமே இல்லை. ஆக்சிஜன் ஊதும் கலத்தில் பாஸ்பரஸ் நன்றாகவும் கந்தகம் மிகச் சிறிதளவும் நீங்குவது இதனால்தான். ஆகவே பல ஆலைகளில் ஆக்சிஜன் ஊதுவதற்கு முன்பே, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் ஊதுலை இரும்புக்குள் செலுத்திக் கந்தகத்தை நீக்குகிறார்கள். எஞ்சியதை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஊதி முடித்த எஃகை வடித்துவைக்கும் கொப்பரையில் நீக்குகிறார்கள்.

கந்தகம் பெரும்பாலும் கல்கரியிலிருந்தே (நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் ஊதுலை எரிபொருள்) வருகிறது என்பதால், இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள பிறையில், 1967-இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, ஊதுலையில் கல்கரிக்குப் பதிலாக ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. பால் வற்றி வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்கள் கரியாகி இரும்புத் தாதுவை உருக்கின. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரங்கள் வேதியியல் வகையிலும் நல்ல கரியாக அமைந்தன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஊதி முடித்த எஃகில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 1,600 பாகையில், கார்பனை 0.05 விழுக்காட்டுக்கு இறக்கினால், ஆக்சிஜன் ஏறத்தாழ 0.04 முதல் 0.05 விழுக்காடு கரைந்திருக்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். தராசின் இரு தட்டுகள் போல. எஃகு உறையும்போது இந்த ஆக்சிஜனுக்குத் திண்ம இரும்பில் இடமில்லாததால், மீண்டும் கார்பனோடு சேர்ந்து வாயுவாகி எஃகைத் துளைத்துவிடும். ஆகவே கொப்பரையில் வடிக்கும்போதே அலுமினியம் போடுகிறார்கள். ஆக்சிஜன்மீது மிக வலுவான பிடி கொண்ட அது, கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சி அலுமினாவாகி மேலே மிதந்து கசட்டில் சேர்கிறது. ஆக்சிஜன் போய்விட்டதால், சற்றுமுன் நின்றுபோன கந்தகப் பண்டமாற்று இப்போது தடையின்றி நடக்கிறது. ஒரு வினையின் முடிவு அடுத்த வினைக்கு வாசலைத் திறந்துவிடும் இந்த இடத்தைத்தான் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அதே அலுமினியம் ஒரு தீங்கும் செய்யக்கூடும். எஃகை வடிக்கும்போது பழைய கசடு சிறிதளவு கொப்பரைக்குள் விழுந்துவிட்டால், அதில் பாடுபட்டுச் சேர்த்துவைத்த பாஸ்பேட்டிலிருந்தும் அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். விடுபட்ட பாஸ்பரஸ் எஃகுக்குள் திரும்பிவிடும். வடிக்கும் நேரத்தில் கசட்டைத் தடுத்து நிறுத்த ஆலைகள் படும்பாடு இதனால்தான்.

இதுவரை சொன்னவை அனைத்தும், இரும்பைவிட ஆக்சிஜனை அல்லது சுண்ணாம்பை விரும்பும் அழுக்குகள். நம் நாட்டில் பல ஆலைகள் பழைய இரும்பை, மின்சாரப் பொறியின் வெப்பத்தால் இயங்கும் மின்வில் உலையில் உருக்கியே எஃகு செய்கின்றன. பழைய இரும்போடு வரும் சிங்க் கூரையின் துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிப் புகைத்தூசியோடு போய்விடும். செம்பு அப்படிப் போகாது. ஆக்சிஜன்மீது அதற்குள்ள பிடி இரும்பின் பிடியைவிடக் குறைவு. எவ்வளவு ஊதினாலும் இரும்பு முழுவதும் எரிந்து தீர்ந்த பிறகே செம்பு எரியும். சுண்ணாம்பும் அதை ஏற்காது. எஃகைச் சூடாக்கி உருட்டும்போது மேற்பரப்பில் இரும்பு ஆக்சைடாகி உதிர, எரியாத செம்பு அங்கேயே திரண்டு, 1,085 பாகையில் உருகி, பரல்களின் இடுக்குகளில் ஊடுருவி வெடிப்புகளை உண்டாக்குகிறது.

உலைக்குள் போன செம்பை எடுக்க நடைமுறையில் வழியில்லாததால், போகும் முன்பே எடுத்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கிடங்கில், நிழலில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, எரிந்துபோன மின்விசிறி மோட்டாரின் ஓட்டைச் சுத்தியலால் தட்டிப் பிளந்து, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியைக் குறட்டால் இழுத்து இழுத்துத் தனி வாளியில் போடும் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். செம்புக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதற்காகவே அவர் அதைச் செய்கிறார். கம்பி உருவப்பட்ட வெற்று இரும்பு ஓடு மட்டும் லாரியில் ஏறுகிறது.